பிரஷர் மாத்திரையால் மூட்டுவலி: யாருக்காவது அனுபவம் உண்டா?
வணக்கம். அம்மாவுக்குப் பிரஷருக்காக ஹைட்ரலசின் மாத்திரை, நாளுக்கு 200 மி.கி. கொஞ்ச நாளாகக் காலையில் விரல் கணுக்கள் வீங்கி, காபி டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. இடையிடையே காய்ச்சல் வேறு. ஏ.என்.ஏ. ரத்தப் பரிசோதனை (சொந்த உடம்பையே தாக்கும் ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்ப்பது) பாசிட்டிவ். மாதக்கணக்கில் இந்த மாத்திரையை எடுக்கும் சிலருக்கு, நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்த உடம்பையே தாக்கும் லூபஸ் போன்ற நிலை வரலாம், நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும் என்கிறார் டாக்டர். வேறு மாத்திரைக்கு மாற்றப்போகிறார். (நாங்களாக நிறுத்தவில்லை, பிரஷர் எகிறினால் அது தனித் தலைவலி.)

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி வந்ததா? மாற்றியபின் வலி குறைய எவ்வளவு நாள் பிடித்தது? மருந்தால் வரும் லூபஸைக் கண்டறிய உதவும் ஹிஸ்டோன் ஆன்டிபாடி டெஸ்ட்டும் எடுத்தீர்களா? மதுரைப் பக்கம் நல்ல வாதநோய் நிபுணர் தெரிந்தாலும் சொல்லுங்கள். கஷாய வைத்தியம் மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.