'காக்னிட்டிவ் லோட்': 'அறிசுமை' எனலாமா?

குழுமத்து அன்பர்களுக்கு வணக்கம்.

ஒரு வேலையைச் செய்யும்போது நினைவிலும் சிந்தனையிலும் ஏறும் பளுவை ஆங்கிலத்தில் 'காக்னிட்டிவ் லோட்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'மனச்சுமை' என்றாலே போதும் என்று நம் குழுமத்து ஐயா ஒருவர் எழுதியிருந்தார். ஆனால் மகளின் கல்யாணக் கடனையும், கடலுக்குப் போனவர் கரை திரும்பாத கவலையையும் மனச்சுமை என்றே நம் மக்கள் சொல்லிவருவதால், அச்சொல்லைத் திரை வடிவமைப்புக்குக் கொண்டுவந்தால் பயனர் துயரப்படுகிறார் என்றே பொருள்படும். 'அறிவாற்றல் சுமை' பிழையன்று; அடைமொழி சேரும்போது நீண்டுவிடுகிறது.

கல்வி உளவியலாளர் ஜான் சுவெல்லர் 1988இல் இக்கருத்தை முன்வைத்தபோது, கணக்குக்கு விடை தேடும் மாணவரின் செயல்நினைவு (வேலை செய்யும்போது அப்போதைக்கு மனத்தில் வைத்திருக்கும் நினைவு) எவ்வளவு தாங்கும் என்பதையே ஆராய்ந்தார். அந்நினைவில் ஏறத்தாழ 7 கூறுகள் நிற்கும் என்று உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் கருதினார். மற்றோர் உளவியலாளர் நெல்சன் கோவன் 2001இல் அதை 4 அளவுக்குக் குறைத்தார். வடிவமைப்பாளர் கைவைப்பது இந்தக் குறுகிய இடத்தில்தான்.

எங்கள் பாம்பன் பக்கத்தில் கடலின் ஆழத்தைப் பாகக் கணக்கில் சொல்வார்கள். ஒரு பாகம் ஏறக்குறைய 6 அடி. ஒலியால் ஆழம் அளக்கும் எக்கோ சவுண்டர் கருவியின் திரையோ 11 மீட்டர் என்று காட்டும். அடியில் பார் (கடலடிப் பாறை) கிடக்கிறதா, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது, வலையை எங்கே இறக்குவது என்று படகோட்டி எண்ணுவது தொழிலோடு கூடிய சுமை. அதை எந்த வடிவமைப்பும் நீக்க முடியாது. ஆனால் ஒரு கையால் சுக்கானைப் பிடித்தபடி 11 மீட்டரை 6 பாகமாக மாற்றும் கணக்கு, கருவி அவர் தலையில் ஏற்றியது. பல கருவிகளில் பாகத்துக்கு மாற்றும் வசதி உண்டு என்பதும், அது ஆங்கிலப் பட்டியல்களுக்குள் யாரும் தொடாமல் புதைந்து கிடக்கிறது என்பதும் எனக்கு மிகுந்த ஆற்றாமையைத் தருகின்றன.

ஆகவே என் முன்மொழிவு 'அறிசுமை'. அறிந்த, அறிகின்ற, அறியும் என முக்காலத்துக்கும் பொருந்தும் வினைத்தொகை இது. தொழிலோடு கூடியதை, இயற்சொல் என்பது போல 'இயற்சுமை' எனலாம். கருவி ஏற்றுவதைத் 'திணிசுமை' எனலாம். இந்தப் பிரிவு தெளிவாக இருந்தால்தான், செயலி செய்பவரிடம் "இதில் எது திணிசுமை?" என்று கேட்டு அதை நீக்கச் சொல்ல முடியும். மூன்றாவது வகையாகிய 'ஜெர்மேன் லோட்' (கற்றலுக்கு உதவும் சுமை) குறித்து ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு இருப்பதால், அதை இப்போது தொடவில்லை.

'திணிசுமை' சற்றுக் கடுமையாக ஒலிக்கிறது என்று சிலர் கருதலாம். 'புறச்சுமை' மென்மையானதுதான், எனினும் சுமையை ஏற்றியவர் யார் என்பதை அது சொல்லாமல் விட்டுவிடுகிறது. மாற்றுச் சொல் இருப்பின் எழுதுங்கள்.