புதுப்பிப்பு: டாம்ரானையே எடுத்துவிட்டேன்

கல்யாணப் படங்கள் எடுக்க என் சோனி கேமராவுக்கு சோனியின் 24-70 ஜிஎம் 2 ஜூம் லென்ஸ் வாங்குவதா, பாதி விலைகூட இல்லாத டாம்ரான் நிறுவனத்தின் 28-75 ஜி2 லென்ஸ் போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். டாம்ரானையே எடுத்தேன்.

ஒளியை உள்ளே விடும் திறப்பு இரண்டிலுமே எஃப்/2.8 தான். டாம்ரானின் எடை 540 கிராம், முகூர்த்தம் முடியும்வரை கை வலிக்கவில்லை. 28 மி.மீ.யில் 18 செ.மீ. வரை நெருங்கலாம், தாலிக்கயிற்றின் மஞ்சள் இழைகூடத் தனித்தனியாகத் தெரிகிறது. அருமை!

சோனி கேமராவில் வேறு நிறுவன லென்ஸ் போட்டால் நொடிக்கு அதிகபட்சம் 15 படம்தான் என்று ஒருவர் எச்சரித்திருந்தார். உண்மைதான். ஆனால் என் சோனி ஏ7 4 கேமராவின் உச்சமே 10 என்பதால் பாதிப்பில்லை.

குறை ஒன்று: மேடையில் இரண்டு குடும்பமும் சேர்ந்து நின்றால் 28 மி.மீ.யின் அகலம் பத்தவில்லை, பின்னால் நகரவும் இடமிருக்காது. மிச்சப்பட்ட பணத்தில் இன்னும் அகலமாகக் காட்டும் பழைய 20 மி.மீ. பிரைம் (ஜூம் இல்லாத லென்ஸ்) ஒன்று தேடுகிறேன். யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.