புதைத்த பெட்டிக்குள் ஒரு டிரைவர்: கதைக்கு யோசனை தேவை

வணக்கம். குழந்தைக் கடத்தலை வைத்து ஒரு சஸ்பென்ஸ் குறுநாவல் எழுதுகிறேன். பாதியில் சிக்கிக்கொண்டு நிற்கிறது, கொஞ்சம் கை கொடுங்கள்.

கதைக்கு விதை 1976 ஜூலையில் கலிபோர்னியாவின் சௌசில்லாவில் நடந்த சம்பவம். துப்பாக்கியோடு வந்த மூன்று பேர் பள்ளிப் பேருந்தை மறித்து, 26 பிள்ளைகளையும் டிரைவர் எட் ரேயையும் கொண்டுபோய், கல் குவாரியில் புதைத்திருந்த லாரிப் பெட்டிக்குள் இறக்கினார்கள். உள்ளே மெத்தைகள், கொஞ்சம் தண்ணீர், பேட்டரியில் ஓடும் காற்றாடி. அதுவும் நின்றுபோனது. கடைசியில் மெத்தைகளை அடுக்கி ஏறி, மூடியின் மேலிருந்த கனத்த பேட்டரிகளை நகர்த்தி, சுமார் 16 மணி நேரத்தில் எல்லோரும் உயிரோடு வெளியே வந்தார்கள். கடத்தியவர்கள் இன்னும் பணமே கேட்டிருக்கவில்லை!

என் கதை முழுக்கப் பெட்டிக்குள்ளேயே, டிரைவரின் பார்வையில். தோண்டினால் மண் சரியலாம், சும்மா இருந்தால் காற்று தீரலாம். இந்த முடிவை அவர் எடுப்பதா, ஒரு பெரிய பையன் எடுப்பதா? பையன் எடுத்தால் டிரைவர் பாத்திரம் சுருங்கிவிடுமோ? அப்புறம், ஐந்து வயதுக் குழந்தைகள் இருட்டில் இத்தனை நேரம் எப்படி நடந்துகொள்வார்கள்? ஆசிரியர்களோ ஸ்கூல் வேன் ஓட்டுபவர்களோ இருந்தால் சொல்லுங்கள். வீர வசனம் மட்டும் வேண்டாம்.