என் லேப்டாப்பில் ஓடுது, செக்கரில் மட்டும் சிவப்பு

பைத்தான் என்ற புரோகிராமிங் மொழி கற்க ஆரம்பித்த மூன்றாவது வாரம். பேங்க் அக்கவுண்டுக்கு ஒரு க்ளாஸ் (அக்கவுண்டுகளை உருவாக்கும் அச்சு மாதிரி) எழுதச் சொன்னார்கள். பணம் போட, எடுக்க, இருப்பைச் சொல்ல ஒவ்வொரு மெத்தட் (க்ளாஸுக்குள் இருக்கும் ஃபங்ஷன்), அப்புறம் வரவு செலவெல்லாம் ஒரு லிஸ்டில் சேர வேண்டும். அனுப்பினால் செக்கர், அதாவது நம் கோடைச் சோதிக்கும் புரோகிராம், 6 டெஸ்ட் ஓட்டும். எனக்கு ஆறும் சிவப்பு, அதாவது ஃபெயில்.

முதல் தப்பைச் சொன்னால் சிரிப்பீர்கள். புது அக்கவுண்ட் உருவாகும்போது தானாக ஓடும் இனிட் மெத்தட்டின் பெயருக்கு இரு பக்கமும் இரண்டிரண்டு அண்டர்ஸ்கோர் வேண்டும், நான் ஒவ்வொன்றுதான் போட்டிருந்தேன். திரையில் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே கோடாகத்தானே தெரிகிறது! 'டேக்ஸ் நோ ஆர்க்யுமென்ட்ஸ்' (எந்த மதிப்பும் ஏற்காது) என்று டைப்எரர் வர, அதான் பெயரும் தொகையும் கொடுத்திருக்கிறேனே என்று அரை மணி நேரம் அதோடு சண்டை. ஒரு தடவை ஓட்டிப் பார்க்காமலே அனுப்பியது என் தப்புதான்.

அடுத்தது '500 வர வேண்டும், நன் (None, ஒன்றுமில்லை) வந்திருக்கிறது'. இருப்பைப் பிரிண்ட் செய்திருந்தேன், ரிட்டர்ன் செய்யவில்லை. என் கண்ணுக்கு 500 தெரிகிறது, செக்கர் கைக்கு ஒன்றும் போகவில்லை. சரி, ஒரு வரி சேர்த்தேன்.

கடைசி ஒன்றுதான் இரண்டு நாளைத் தின்றது. லிஸ்டில் 1 வரவு இருக்க வேண்டிய இடத்தில் 4 இருக்கிறதாம். நான் ஓட்டினால் சரியாக 1தான். செக்கர்தான் பழுது என்று புகார்கூட டைப் செய்துவிட்டேன், நல்லவேளை அனுப்பவில்லை. நான் எப்போதும் ஒரே ஒரு அக்கவுண்டை உருவாக்கித்தான் சோதித்தேன், செக்கரோ ஒவ்வொரு டெஸ்டுக்கும் புதிது புதிதாக உருவாக்குகிறது. நானும் இரண்டு உருவாக்கி, ஒன்றில் மட்டும் பணம் போட்டு மற்றதன் லிஸ்டைப் பார்த்தால், போடாத பணம் அங்கே உட்கார்ந்திருக்கிறது! இரண்டு லிஸ்டுக்கும் ஐடி ஃபங்ஷனைப் (ஒவ்வொன்றின் அடையாள எண்ணைச் சொல்வது) போட்டேன், ஒரே எண், அதாவது இரண்டும் ஒரே லிஸ்ட். இனிட்டின் அடைப்புக்குறிக்குள்ளேயே டிஃபால்ட்டாக, அதாவது எதுவும் தராவிட்டால் எடுத்துக்கொள்ள, காலி லிஸ்ட் கொடுத்திருந்தேன். இனிட்டை வரையறுக்கும் அந்த டெஃப் வரி ஓடும்போது ஒரே ஒரு தடவைதான் அந்த லிஸ்ட் பிறக்கிறது, அப்புறம் வருகிற அக்கவுண்ட் எல்லாம் அதையே பங்கு போட்டுக்கொள்கிறது. டிஃபால்ட்டை நன் ஆக்கி, நன் வந்தால் உள்ளே புது லிஸ்ட் என்று மாற்றியதும் ஆறும் பச்சை.

இருப்பு மெத்தட்டில் அந்தப் பழைய பிரிண்ட் இன்னும் கிடக்கிறது. செக்கர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் எடுக்கவில்லை.