2147483647 ப்ரைம்தான்னு போர்டுல காட்டணும், ஒரு ஸ்டெப்புல மாட்டிக்கிட்டேன்

குரூப்ல மேத்ஸ் ஆளுங்க யாராச்சும் இருக்கீங்களா? கோத்தகிரி பக்கம் ப்ளஸ் ஒன் பசங்களுக்கு டியூஷன் எடுக்குறேன், மழை புடிச்சா இங்க டவர் போயிடும், அதனால கம்ப்யூட்டர் இல்லாம போர்டுலயே காட்டலாம்னு பாக்குறேன். நம்பர் 2147483647, அதாவது 2^31-1. ஆய்லர் 1772லயே இது பகா எண்தான்னு நிரூபிச்சுட்டாரு, கால்குலேட்டர் கூட இல்லாத காலத்துல!

வர்க்கமூலம் 46340 சொச்சம், அதுவரைக்கும் எல்லா ப்ரைமாலயும் வகுக்கச் சொன்னா பசங்க ஓடிருவாங்க. ஆனா இத வகுக்குற ப்ரைம் எதுவா இருந்தாலும் 62ஓட மடங்குல 1 கூட்டுனதாதான் இருக்கணும், இது ஃபெர்மாவோட சிறு தேற்றத்துல இருந்து வந்துடுது, புரிஞ்சுது. அப்புறம் அந்த ப்ரைமால 2^32ஐ வகுத்தா மீதி 2, 2^32ங்குறது 2^16ஓட வர்க்கம், அதாவது 2 ஒரு வர்க்க எண்ணோட மீதியா வருது, அதுவும் ஓகே. உடனே அந்த ப்ரைம 8ஆல வகுத்தா மீதி 1 இல்லன்னா 7தான்ங்குறாங்க, அதனால 248ஓட மடங்குல 1 இல்லன்னா 63 கூட்டி வர்றத மட்டும் பாத்தா போதுமாம். ஏன் 3, 5 வராது? புக்குல "எளிதில் காணலாம்"னு போட்டு தாண்டிட்டாங்க, எனக்கு எளிதா ஒண்ணும் காணல. காஸ் லெம்மா (இத நிரூபிக்க வழக்கமா எடுக்குற துணைத் தேற்றம்) இல்லாம ப்ளஸ் ஒன் லெவல்ல சொல்ல வழி இருக்கா? வீடியோ லிங்க் வேணாம் ப்ளீஸ், இங்க லோட் ஆகாது, டைப் பண்ணியே போடுங்க.