அம்முவின் மட்டைப் பிடியும் உம்கேனி ஆற்றோர மைதானமும்

[சனி, மாலை 6:20] நான்:
அனைவருக்கும் வணக்கம். அம்மு இன்று உம்கேனி ஆற்றோரத்து வின்ட்சர் பார்க் நகராட்சி கோல்ஃப் மைதானத்தில் ஒன்பது குழிகளை முதன்முறையாக முழுவதும் ஆடி முடித்தாள். பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் கோல்ஃப் மைதானங்களுக்கு அவளை மூன்று மாதங்களாக ஒவ்வொன்றாக அழைத்துச் சென்று வருவது உங்களுக்குத் தெரியும். இக்குழுவில் முழு வாக்கியத் தமிழில்தான் எழுத வேண்டும் என்பது அப்பாவின் விதி என்பதால், வீட்டுக்கு வந்து தேநீர் குடித்துவிட்டு நிதானமாக எழுதுகிறேன்.

ஒன்றரை மணிக்குத் தொடங்கினோம். இங்கே தென்னாப்பிரிக்காவில் ஜூன் குளிர்காலம்; டர்பனில் ஐந்து மணி அளவிலேயே சூரியன் மறைந்துவிடுவதால் பதினெட்டுக் குழிகளைப் பற்றி நினைக்கவே இல்லை. பதினொரு வயதுப் பிள்ளைக்கு ஒன்பதே போதும். ஏழாவது குழியை நெருங்கும்போதே அவள் கால்கள் சோர்ந்துவிட்டன.

[சனி, மாலை 6:31] அக்கா (ஃபீனிக்ஸ்):
தம்பி, படத்தில் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாலே மனம் நிறைகிறது. பெரியவர்கள் ஆடும் அவ்வளவு நீளமான மைதானத்தில் அவள் எப்படி ஆடினாள்? பின்னால் வந்தவர்கள் சலித்துக்கொள்ளவில்லையா? நம் சின்னவனும் வர வேண்டும் என்று அடம்பிடிப்பதால்தான் கேட்கிறேன்.

[சனி, மாலை 6:52] நான்:
அக்கா, நானும் இதில் தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். முதல் இரண்டு முறையும் பெரியவர்களுக்கான டீயிலிருந்தே, அதாவது முதல் அடி அடிக்கும் மேடையிலிருந்தே, அவளை அடிக்க வைத்தேன். அவள் மிக நன்றாக அடித்தால் பந்து தொண்ணூறு மீட்டர் போகும். டீயிலிருந்து முந்நூற்று நாற்பது மீட்டர் நீளமுள்ள குழியில், கொடி நிற்கும் வழவழப்பான புல்தரையான கிரீனைத் தொடுவதற்கே அவளுக்கு நான்கு அடிகள் வேண்டும், அந்த நான்கில் ஒன்று ஓரத்துப் புல்லுக்குள் போய்விட்டால் ஏழு, எட்டு என்று ஏறிவிடும். மூன்றாவது குழியிலேயே அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். வீடு திரும்பும் வழியில் காருக்குள் இருந்த மௌனம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

இன்று வேறு விதமாகச் செய்தோம். நான் டீயிலிருந்து அடித்துவிட்டு அவளுடன் நடந்து போய், கிரீனுக்கு 150 மீட்டர் என்று குறித்திருக்கும் இடத்தில் அவள் பந்தை வைத்தேன். இரண்டு அடிகளில் கிரீன், அதன் பிறகு பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டையான பட்டரால் இரண்டோ மூன்றோ தட்டு. நான்கு, ஐந்து என்று அட்டையில் அவளே எழுதிக்கொண்டாள். குழந்தைக்கு ஏற்ற மைதானத்தைத் தேடி ஊரெல்லாம் அலைந்தேன். எந்த மைதானத்தையும் அவள் அளவுக்குச் சுருக்கிக்கொள்ளலாம் என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

பின்னால் வருபவர்களைப் பற்றிக் கேட்டீர்கள். ஒரு குழியில் எட்டு அடிகள் ஆகிவிட்டால் பந்தைக் கையில் எடுத்துக்கொள்வது எங்கள் வீட்டு விதி. தொலைந்த பந்தைத் தேட முன்பு ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். 2019 முதல் மூன்று நிமிடம்தான். நாங்கள் அதையும் முழுதாக எடுத்துக்கொள்வதில்லை. வேகமான குழு வந்தால் ஓரமாக நின்று கையசைத்து முன்னே போகச் சொல்கிறோம். இன்று அப்படிக் கடந்து போன பெரியவர் ஒருவர் நின்று, அவள் பட்டரால் தட்டி முடிக்கும்வரை பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி வாழ்த்திவிட்டுப் போனார்.

[சனி, இரவு 7:05] தம்பி (ஜோகன்னஸ்பர்க்):
அண்ணா, மிக்க மகிழ்ச்சி. பள்ளி விடுமுறையில் அவளை இங்கே அனுப்புங்கள். லிங்க்ஸ்ஃபீல்டில் உள்ள ஹடில் பார்க் பொதுமக்களுக்கான இடம்தான். இப்போது உறைபனியில் புல்லெல்லாம் பழுப்பாகிவிட்டது என்றாலும் நாள் முழுவதும் வெயில் இருக்கிறது. கோடையில் பிற்பகல் இடியும் மின்னலும் வந்துவிடுவதால் காலையில் மட்டுமே ஆட முடியும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் அவளுடைய பந்து அங்கே போவதைவிட இங்கே தூரம் போகும். அதைப் பார்த்தால் துள்ளிக் குதிப்பாள்.

[சனி, இரவு 7:18] மச்சான் (டொங்காட்):
அத்தான், வாழ்த்துகள். ஆனால் நீங்கள் அனுப்பிய காணொளியில் ஒன்றைக் கவனித்தேன். அம்மு வலக்கை ஆட்டக்காரி. வலக்கை கீழே இருக்க வேண்டும். அவள் இடக்கையைக் கீழே வைத்துப் பிடிக்கிறாள். இப்போதே மாற்றாவிட்டால் பிறகு மாற்றுவது கடினம்.

[சனி, இரவு 7:40] நான்:
மச்சான், அதைத்தான் இன்று எழுத நினைத்துத் தயங்கினேன்.

முதல் நாள் மட்டையை அவள் கையில் கொடுத்தபோதே அப்படித்தான் பிடித்தாள். யாரும் சொல்லித் தரவில்லை. இரண்டு வாரங்களுக்கு முன் ஒரு தனியார் பயிற்சி இடத்துக்கு அழைத்துப் போனேன், பெயர் வேண்டாம். அங்கிருந்த பயிற்சியாளர் அவள் கைகளைப் பிரித்து மாற்றி வைத்து, இப்படிப் பிடிக்காவிட்டால் இந்த ஆட்டத்தையே விட்டுவிடு என்று பத்துப் பேர் எதிரில் சொன்னார். அவள் அழவில்லை. அதன் பிறகு அடித்த இருபது பந்துகளில் ஒன்றுகூட நேராகப் போகவில்லை. திருத்தம் தேவை என்றால் சொல்லட்டும், கேட்டுக்கொள்வேன்; ஒரு பிள்ளையிடம் சொல்லும் முறை அதுவா?

இன்று பழையபடியே பிடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஒன்பது குழிகளிலும் அவள் பந்து காற்றில் எழும்பியது.

[சனி, இரவு 7:58] மச்சான் (டொங்காட்):
அவர் பேசியது தவறு என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, அத்தான். விதிப்புத்தகமும் கைகளை எந்த வரிசையில் வைக்க வேண்டும் என்று சொல்வதில்லை. பட்டரால் தட்டும்போது இடக்கை கீழே இருந்தால் மணிக்கட்டு அசையாமல் நிற்கும். அமெரிக்க ஆட்டக்காரர் ஜோர்டான் ஸ்பீத் அப்படித்தான் தட்டுகிறார். நான் கவலைப்படுவது நீளமான அடிகளைப் பற்றி மட்டுமே. கைகள் குறுக்காக இருக்கும்போது மணிக்கட்டுகள் முழுதாக மடங்கி விரிவதில்லை, அதனால் வேகம் குறையும் என்பது பெரும்பாலான பயிற்சியாளர்களின் கருத்து. இவள் வளர்ந்து போட்டிகளில் ஆட விரும்பினால் அந்தத் தூரம் தேவைப்படும்.

[சனி, இரவு 8:35] அப்பா (சாட்ஸ்வொர்த்):
எல்லோரும் எழுதியதை இருமுறை படித்தேன். எனக்குத் தட்டச்சு செய்ய நேரம் ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சிறுவனாக இருந்தபோது நாங்கள் டர்பனில் சோம்சூ ரோட்டில், நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸில் இருந்தோம். உன் பாட்டனார் நகராட்சியின் புல் வெட்டும் குழுவில் வேலை செய்தார். அவர் வெட்டிய புல்தரையில் நம்மவர் ஆட முடியாது; அங்கே வெள்ளையருக்குத்தான் இடம். நான் பள்ளி இல்லாத நாட்களில் கேடியாக, அதாவது ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைச் சுமந்து, சில்லறை சம்பாதித்தேன். 1963-இல் எனக்குப் பதின்மூன்று வயது. அந்த ஆண்டு டர்பன் கன்ட்ரி கிளப்பில் நடந்த நேட்டால் ஓப்பன் போட்டியில் பாப்வா செவ்கோலும் என்ற டர்பன் இந்திய ஆட்டக்காரர் வென்றார். அவரும் கேடியாக இருந்து வந்தவர். அதற்கு முன்பே, 1959-இலும் 1960-இலும், ஹாலந்து நாட்டு ஓப்பன் பட்டத்தை வென்று வந்திருந்தார். ஆனாலும் இங்கே பரிசளிப்பு நேரத்தில் மற்றவர்கள் கழகக் கட்டடத்துக்குள் இருக்க, வெள்ளையர் அல்லர் என்பதால் அவர் வெளியே மழையில் நின்று கோப்பையை வாங்கினார். அந்தப் படம் உலகமெங்கும் பத்திரிகைகளில் வந்தது. 1965-இல் புகழ்பெற்ற வெள்ளை ஆட்டக்காரர் கேரி பிளேயரும் ஆடிய நேட்டால் ஓப்பனை அவர் மீண்டும் வென்றார். அதன் பிறகு அரசு அவரைப் போட்டிகளிலிருந்து விலக்கிக் கடவுச்சீட்டையும் பறித்துக்கொண்டது. 1978-இல் காலமானார்.

அவர் தமிழர் அல்லர் என்றாலும் பாரக்ஸில் அவரைப் பற்றிப் பேசாத வீடு கிடையாது. மச்சான் தம்பிக்கு இதைச் சொல்ல வேண்டும்: பாப்வா வலக்கை ஆட்டக்காரர், இடக்கையைக் கீழே வைத்துத்தான் பிடித்தார், பட்டருக்கு மட்டுமல்ல, எல்லா மட்டைக்கும். அந்தப் பிடியோடுதான் அத்தனையையும் வென்றார். அதே உம்கேனி ஆற்றோரத்தில் அவர் பெயரில் வேறொரு நகராட்சி மைதானமே இருக்கிறது. பேத்தி யாரும் சொல்லாமலே அப்படிப் பிடிக்கிறாள் என்று இன்றுதான் எனக்குத் தெரிகிறது. காணொளியை நான் சரியாகப் பார்க்கவில்லை. இப்போது ஐந்து முறை பார்த்துவிட்டேன்.

[சனி, இரவு 8:50] மச்சான் (டொங்காட்):
மாமா, பாப்வாவின் பெயரைக் கேட்டிருக்கிறேன். அவருடைய பிடியைப் பற்றி இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை. நான் மாற்றச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஒரு யோசனை மட்டும் சொல்கிறேன், அத்தான். அவள் விருப்பப்பட்டால் வாரத்துக்குப் பத்துப் பந்துகளை வழக்கமான பிடியில் அடித்துப் பார்க்கட்டும். எந்தப் பிடி தனக்கு வசதி என்று இன்னும் ஓராண்டு கழித்து அவளே சொல்லட்டும். இப்போதைக்குச் சிறிய மட்டைகள் ஐந்து போதும், பதினான்கு வரை விதி அனுமதிக்கிறது என்பதற்காகப் பையை நிரப்ப வேண்டாம். ஒன்பதாம் எண் மட்டை கட்டாயம் இருக்கட்டும். நம் கரையோரத்துக் கிகூயூ புல் அடர்ந்தால் மட்டையைப் பிடித்து நிறுத்திவிடும். அதற்குள் பந்து விழுந்தால் தூரத்தை மறந்துவிட்டு, ஒன்பதால் பந்தை ஃபேர்வேக்கு, அதாவது நடுவே குட்டையாக வெட்டிய புல்தரைக்கு, எடுத்துவிடுவதே நல்லது. சிறு பிள்ளைகளின் மணிக்கட்டு அந்தப் புல்லில்தான் வலி காண்கிறது.

ஏதேனும் கழகத்தில் இளையோராகப் பதிவு செய்தால் ஆட்டத் திறனைக் காட்டும் ஹேண்டிகேப் எண்ணும் கிடைக்கும்; திறன் குறைந்தால் எண் பெரிதாகும். 54 வரை அனுமதி இருப்பதால் தொடக்கக்காரர்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை.

[சனி, இரவு 9:02] அக்கா (ஃபீனிக்ஸ்):
அப்பா, இதையெல்லாம் எங்களிடம் நீங்கள் சொன்னதே இல்லையே. நீங்கள் எப்போதாவது ஆடியிருக்கிறீர்களா?

[சனி, இரவு 9:10] நான்:
அக்கா, அம்மு என் தோளுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருக்கிறாள். தொலைபேசியை அவளிடம் கொடுக்கிறேன். தமிழ் வகுப்பில் கற்றதைக் கொண்டு அவளே எழுதுவாள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

[சனி, இரவு 9:21] நான்:
தாத்தா, நான் அம்மு எழுதுகிறேன். நீங்கள் எந்தக் கையைக் கீழே வைப்பீர்கள்?

[சனி, இரவு 9:34] அப்பா (சாட்ஸ்வொர்த்):
கண்ணு, எனக்குச் சொந்தமாக மட்டை இருந்ததே இல்லை. தடித்த கம்பியின் நுனியை வளைத்து, தொலைந்துபோன பந்துகளைப் பொறுக்கி வந்து, பாரக்ஸ் வரிசைகளுக்கு நடுவே அடிப்போம். எங்கள் வரிசைப் பையன்கள் அத்தனை பேரும் பாப்வாவைப் போலத்தான் பிடித்தோம். எனக்கும் இடக்கை கீழேதான். உண்மையான கிரீனில் நான் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன், பந்தைத் தட்டியதில்லை.

[சனி, இரவு 9:41] நான்:
தாத்தா, இப்போது கொடியைப் பிடிக்க வேண்டாம். குழியிலேயே விட்டுவிட்டுத் தட்டலாம் என்று விதி வந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை நீங்களும் வாருங்கள். என் மட்டை உங்களுக்குக் குட்டையாக இருக்கும். அப்பாவின் பட்டரைத் தருகிறேன்.

[சனி, இரவு 9:43] அக்கா (ஃபீனிக்ஸ்):
ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கூழ் ஊற்றுவதற்கான வேலை இருப்பதால் சனிக்கிழமையே நல்லது. சின்னவனையும் அழைத்து வருகிறேன். சாட்ஸ்வொர்த் வழியாக வந்து அப்பாவைக் காரில் ஏற்றிக்கொள்கிறேன்.

[சனி, இரவு 9:55] அப்பா (சாட்ஸ்வொர்த்):
முழங்கால் ஒன்பது குழி நடக்காது. மூன்று நடக்கும். எத்தனை மணிக்குத் தயாராக இருக்க வேண்டும்?

[சனி, இரவு 9:57] நான்:
பன்னிரண்டரைக்கு, அப்பா. ஆற்று முகத்துவாரத்துப் பக்கம் மாலையில் கடற்காற்று குளிரும். கம்பளிச் சட்டையை மறக்காதீர்கள்.