ஸ்விட்ச் 2 வந்த உடனே வாங்கலாமா? ஜப்பான்ல 29 ஆயிரம்தான் ஆகுது, உதவி வேணும்

ஈரோடுமஞ்சள் | 20 மே 2025

வணக்கம் மக்களே. ஜூன் 5 நிண்டெண்டோவோட புது கேம் கன்சோல் ஸ்விட்ச் 2 வருது. தங்கச்சி வீட்டுக்காரர் யோகோஹாமால வேலையில இருக்கார், ஜூன் கடைசியில ஊருக்கு வர்றார். "மச்சான், இங்க 49,980 யென்தான், ஒண்ணு எடுத்துட்டு வரட்டுமா?"ன்னு கேட்டார். நம்ம காசுக்கு 29,500 ரூபா வாக்குல வருது. அமெரிக்க விலை 449.99 டாலர், அதுவே 38 ஆயிரத்தைத் தாண்டுது. கோயம்புத்தூர்ல ஒரு கடையில கேட்டேன், "வரட்டும் சார், அப்புறம் விலை பேசிக்கலாம்"னு சிரிக்கிறாங்க. அந்தச் சிரிப்பே சரியில்லை.

வீட்டுல இப்ப பழைய ஸ்விட்ச், ஓலெட் திரை மாடல், நல்லாவே ஓடுது. மரியோ கார்ட் 8 டீலக்ஸ், மரியோ ஒடிசி கேம் ரெண்டும் கார்டா இருக்கு. ஸெல்டா கேம் ரெண்டும் நிண்டெண்டோவோட ஆன்லைன் கடை ஈஷாப்ல அமெரிக்கக் கணக்குல வாங்கினது. பசங்க ரெண்டு பேர், 11 வயசு, 8 வயசு. டிவி 43 இன்ச், 1080பி.

வந்த உடனே வாங்கறதா, ஒரு வருஷம் பொறுக்கறதா? மாப்பிள்ளை அங்க ஏதோ குலுக்கல்ல பேர் போடணுமாம், வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் கேட்கிறார்.

---

ஒசாகாகுருவி | 20 மே 2025

அண்ணே, முதல்ல மாப்பிள்ளைக்கு போன் போட்டு "வேண்டாம்"னு சொல்லுங்க. மீதியை அப்புறம் பேசலாம்.

49,980 யென் பெட்டி ஜப்பானுக்குள்ள விக்கறதுக்குன்னே தனியா போட்ட பதிப்பு. மெனு, செட்டிங்ஸ் எல்லாம் ஜப்பானிய மொழி மட்டும், மாத்த முடியாது. யென் மதிப்பு விழுந்து கிடக்கிற நேரத்துல வெளிநாட்டுக்காரங்க வந்து அள்ளிட்டுப் போயிடக்கூடாதுன்னுதான் இப்படி ஒரு ஏற்பாடுன்னு இங்க எல்லாரும் பேசிக்கறாங்க. பல மொழி வர்ற பெட்டி தனி. அது 69,980 யென், மை நிண்டெண்டோ ஸ்டோர்ல மட்டும்தான் கிடைக்கும். கணக்குப் போட்டா 41 ஆயிரம் ரூபா. அமெரிக்காவை விட ஜாஸ்தி.

குலுக்கல் கதை தனி. மை நிண்டெண்டோ ஸ்டோர்ல பேர் போடணும்னா பிப்ரவரி 28 கணக்குப்படி பழைய ஸ்விட்ச்ல 50 மணி நேரமாவது விளையாடியிருக்கணும், ஆன்லைன் சந்தாவும் மொத்தம் ஒரு வருஷம் இருந்திருக்கணும். அப்படி வடிகட்டியும் ஜப்பான்ல மட்டும் 22 லட்சம் பேர் பேர் போட்டாங்கன்னு கம்பெனித் தலைவர் ஃபுருகாவாவே சொன்னார். மாப்பிள்ளைகிட்ட ஸ்விட்ச் இருக்கா?

---

ஈரோடுமஞ்சள் | 20 மே 2025

அவர்கிட்ட ஸ்விட்சும் இல்ல, ஒண்ணும் இல்ல. கடைக் குலுக்கல்னுதான் சொன்னார்.

மொழி மட்டும்தான் பிரச்சினைன்னா சமாளிக்கலாமே? எங்க சின்னவன் படிக்கத் தெரியறதுக்கு முன்னாடியே மெனுவுல எல்லாத்தையும் படத்தைப் பார்த்தே அமுக்கினவன்.

---

ஒசாகாகுருவி | 20 மே 2025

கடையில கிடைக்கிறது எல்லாமே அந்த ஜப்பானிய மொழிப் பெட்டிதான் அண்ணே.

மொழியை விடுங்க, கணக்குதான் சிக்கல். நாடு ஜப்பான்னு பதிஞ்ச நிண்டெண்டோ கணக்கு மட்டும்தான் அதுல ஏறும். உங்களோடது அமெரிக்கக் கணக்கு. அதைச் சேர்க்கவே முடியாது. ஈஷாப்ல வாங்கின ஸெல்டா ரெண்டும் அந்தப் பக்கமே நின்னுடும். மிச்சம் பிடிச்ச ஒன்பதாயிரத்தை ஜப்பான் ஈஷாப்ல அதே கேமை மறுபடி வாங்கறதுக்குக் கொடுப்பீங்க.

---

ரிச்சிதெருராசா | 20 மே 2025

ஜப்பான் பெட்டி வேண்டாம், அது சரி. ஆனா "பொறு பொறு"ன்னு சொல்ல வர்றவங்களுக்கு ஒரு வார்த்தை. பிளேஸ்டேஷன் 5 நம்மூருக்கு 2021 பிப்ரவரி 2 வந்தப்ப 49,990. "விலை இறங்கட்டும்"னு உட்கார்ந்தவங்க 2022 நவம்பர்ல 54,990 கொடுத்தாங்க. பழைய காலம் மாதிரி கன்சோல் வருஷா வருஷம் விலை இறங்கற பொருள் இல்லை இப்ப. முதல் ஸ்விட்சும் 2017ல 299.99 டாலர்தான், அதுக்கப்புறம் அமெரிக்காவுல அந்தப் பட்டியல் விலை இறங்கவே இல்ல. வாங்கறதுன்னா இப்பவே வாங்குங்க.

---

சித்தப்பா64 | 21 மே 2025

ராசா சொன்னதுல பாதி சரி தம்பி. பட்டியல் விலை இறங்கல, ஆனா அதே விலைக்குக் கிடைக்கிற பொருள் மாறிச்சே, அதை விட்டுட்டீங்க.

2017 மார்ச்ல வந்த ஸ்விட்ச் பேட்டரி இரண்டரை மணி நேரத்துல இருந்து ஆறரை மணி வரைக்கும் நிக்கும்னாங்க. 2019ல சத்தமில்லாம சிப்பை மாத்தி அதே 299.99க்கு இன்னொண்ணு விட்டாங்க, அது நாலரையில இருந்து ஒன்பது மணி. அட்டைப்பெட்டி நிறம் பார்த்துதான் கண்டுபிடிக்கணும். அதுக்கப்புறம் 2021ல ஓலெட் 349.99க்கு. இப்ப ஸ்விட்ச் 2 பேட்டரிக்கு கம்பெனியே சொல்ற கணக்கு 2ல இருந்து 6.5 மணி. 2017 எண்ணை விடக் குறைச்சல்! திரையும் மறுபடி எல்சிடிதான். 7.9 இன்ச், 1080பி, 120 ஹெர்ட்ஸ் எல்லாம் சரி. ஆனா நீங்க ஓலெட்ல கறுப்பைக் கறுப்பா பார்த்துப் பழகினவர், ராத்திரி லைட்டை அணைச்சுட்டு விளையாடினா வித்தியாசம் தெரியும்.

விலை விழவே விழாதுன்னும் இல்ல. 2011 மார்ச்ல அமெரிக்காவுல நிண்டெண்டோவோட 3டிஎஸ் கைக்கன்சோல் 249.99 டாலருக்கு வந்துச்சு. விக்கல. ஆகஸ்ட்லயே 169.99. முதல்ல வாங்கினவங்க கத்தினாங்க, சமாதானமா 20 பழைய கேம் இலவசமா கொடுத்தாங்க. ஆனா இந்தத் தடவை அப்படி நடக்கும்னு நான் பந்தயம் கட்ட மாட்டேன். குலுக்கல் போட்டு விக்கிற பொருளுக்கு எவன் விலையைக் குறைப்பான்?

---

சால்டரிங்சங்கர் | 21 மே 2025

நான் கன்சோல் ரிப்பேர் பார்க்கிறவன். எல்லாரும் விலையையே பேசறீங்க, எனக்கு வேற கவலை.

முதல் ஸ்விட்சோட ஜாய்கான்ல, அதான் பக்கவாட்டுல மாட்டற கண்ட்ரோலர்ல, ஸ்டிக் தானா நகரும் கதை எல்லாருக்கும் தெரியும். கழட்டிப் பார்த்தா காரணம் கண்ணுக்கே தெரியும். ஸ்டிக்குக்கு அடியில கார்பன் பூசின பட்டை ஒண்ணு, அதுமேல சின்ன உலோக நாக்கு ஒண்ணு உரசிக்கிட்டே இருக்கும். எந்த இடத்துல உரசுதோ அதை வெச்சுதான் ஸ்டிக் எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னு மெஷினுக்குத் தெரியும். பழைய ரேடியோவுல வால்யூம் குமிழைத் திருகினா கரகரன்னு சத்தம் வருமே, அதே சாதனம்தான். ஸ்டிக் நடுவுல நிக்கிற இடம்தான் அதிகமா தேயும். தேஞ்ச தூள் அங்கயே சேரும். அப்புறம் கையை எடுத்தாலும் மரியோ பாட்டுக்கு இடது பக்கமா நடந்து போய் பள்ளத்துல விழுவார். காந்தத்தை வெச்சு அளக்கிற ஹால் எஃபெக்ட் ஸ்டிக்னா உரசலே இல்ல. புது ஜாய்கான் 2ல அது கிடையாதுன்னு ஏப்ரல்லயே கம்பெனி ஆளுங்க பேட்டியில சொல்லிட்டாங்க. ஸ்டிக்கைப் புதுசா வடிவமைச்சிருக்கோம்னு சொல்றாங்க. நல்லா இருக்கலாம். ஆனா ரெண்டு பசங்க கையில ஒரு வருஷம் உழைச்சாத்தான் எனக்கு நம்பிக்கை வரும்.

பழைய ஜாய்கானுக்கு ஸ்டிக் சில நூறு ரூபாய்க்குச் சந்தையில தாராளமா கிடைக்குது, அரை மணி வேலை. புதுசுக்கு ஆரம்பத்துல உதிரிபாகமே இருக்காது. எந்தக் கன்சோலுக்கும் முதல் ஆறேழு மாசம் இப்படித்தான். அமெரிக்காவுல இருக்கிறவன் பெட்டியில போட்டு கம்பெனிக்கு அனுப்புவான், ஒரு வருஷ வாரண்டி இருக்கு. நம்மூர்ல நிண்டெண்டோ நேரடியா விக்கறதே இல்ல, இங்க அந்த வாரண்டியை எங்க போய் கேட்பீங்க? கடை வாரண்டின்னு சொன்னா, "பழுதானா புதுசு கொடுப்பீங்களா, நீங்களே கழட்டிப் பார்ப்பீங்களா?"ன்னு கேட்டு பில்லுலயே எழுதி வாங்குங்க. முக்கால்வாசிப் பேர் அந்த இடத்துல பேச்சை மாத்துவாங்க.

யாரு வாங்கினாலும் இன்னொண்ணு: திரைமேல ஒட்டியிருக்கிற மெல்லிய படலத்தை "பேக்கிங் கவர்"னு நினைச்சு உரிச்சுடாதீங்க. கண்ணாடி உடைஞ்சா சில்லு தெறிக்காம இருக்கத்தான் அது. ஓலெட்லயும் இருக்கு.

---

டாலஸ்தம்பி | 21 மே 2025

இங்க நிலவரம் சொல்றேன். முன்பதிவு ஏப்ரல் 9 ஆரம்பிக்க வேண்டியது, டிரம்ப் சுங்க வரி குழப்பத்துல ஏப்ரல் 24க்குத் தள்ளிப் போச்சு. கன்சோல் விலையைத் தொடல, ஆனா துணைப் பொருள்ல கை வெச்சுட்டாங்க. ஜாய்கான் 2 ஜோடி 89.99 இருந்தது 94.99, ப்ரோ கண்ட்ரோலர் 79.99 இருந்தது 84.99.

449.99 உங்க கைக்கு வர்ற விலை இல்ல அண்ணா. டெக்சஸ்ல 8.25 சதவீதம் விற்பனை வரி, 487 டாலர், 41 ஆயிரத்தை விட்டுத் தாண்டிடும். மரியோ கார்ட் வேர்ல்டு சேர்ந்த பெட்டி 499.99, வரி தனி. கேம் தனியா 79.99ங்கறதால அந்தப் பெட்டிதான் லாபம்.

ஊருக்கு எடுத்துட்டு வர்றவர் இந்த 2025 விதிப்படி பயணி சலுகையில 50,000 ரூபா வரைக்கும் சுங்கம் கட்ட வேண்டாம். அதுக்கு மேல போற தொகைக்கு 38.5 சதவீதம். பெட்டியில மத்த சாமான் என்ன இருக்குன்னும் பார்த்துக்கணும். லித்தியம் பேட்டரி இருக்கறதால கைப்பையிலயே வைக்கச் சொல்லுங்க.

---

நெறியாளர் | 21 மே 2025

"என்கிட்ட ஒரு பீஸ் இருக்கு, தனியா பேசுங்க"ன்னு வந்த ரெண்டு பதில்களை நீக்கியிருக்கேன். இங்க விக்கறது வாங்கறது கிடையாது.

---

அம்மாப்ளேயர்2 | 22 மே 2025

அக்கா ஒருத்தி சொல்றேன், கன்சோல் விலையோட கணக்கு முடியாது. உள்ளே 256 ஜிபி. நிறைய கேம் டவுன்லோடு பண்ணினா கார்டு வேணும், பழைய மைக்ரோ எஸ்டி கேம் வைக்க ஆகாது. மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ்னு புது வகைதான் ஏறும், 256 ஜிபி 60 டாலர் வாக்குல. ரெண்டு பசங்கன்னா ரெண்டு கண்ட்ரோலர். இங்க ஒரு நல்ல சேதி: பழைய ஜாய்கானும் ப்ரோ கண்ட்ரோலரும் ஒயர்லெஸ்ஸா வேலை செய்யும். பக்கவாட்டுல மாட்டி சார்ஜ் ஏத்த மட்டும் முடியாது. அதுக்குப் பழைய மெஷினோ தனி சார்ஜரோ வேணும்.

கார்டு கேமா வாங்கினா வித்துக்கலாம்னு நினைப்பீங்க. "கேம்-கீ கார்டு"ன்னு சிலது வருது, அட்டையில கேமே இருக்காது, செருகினா நெட்ல இருந்து இறக்கிக்கணும், விளையாடும்போது கார்டும் உள்ளயே இருக்கணும். அட்டைப்பெட்டி முன்பக்கமே சாவிப் படம் போட்டிருக்கும். எங்க வீட்டு நெட் லட்சணத்துக்கு எனக்கு இது ஆகவே ஆகாது.

அப்புறம் உங்க டிவி 1080பி. 4கே கொடுக்குதுங்கற பெருமை உங்க வீட்டு ஹால்ல தெரியாது. இதுக்காக டிவியையும் மாத்தறேன்னு கிளம்பிடாதீங்க.

---

ரிச்சிதெருராசா | 22 மே 2025

எல்லாரும் சேர்ந்து மனுஷனைப் பயமுறுத்திட்டீங்க. பெரியவனுக்கு 11 வயசு. 24 வண்டி ஓடற மரியோ கார்ட் வேர்ல்டு இப்பதான் வேணும், பதிமூணு வயசுல அவன் அப்பா கூட உட்கார்ந்து விளையாட மாட்டான். உதிரிபாகம் வரட்டும்னு பசங்க வளராம இருப்பாங்களா?

---

சால்டரிங்சங்கர் | 22 மே 2025

ராசா, அதுக்கு என்கிட்ட பதில் இல்லப்பா. ஆனா அவர் வீட்டுல ஓலெட் செத்துக் கிடக்கல. மரியோ கார்ட் 8ல 96 ட்ராக் இருக்கு, எக்ஸ்ட்ரா ட்ராக் பாஸ் போட்டிருந்தா. வீட்டுல கன்சோலே இல்லைன்னு கேட்டிருந்தா நானும் "வாங்கு"ன்னுதான் சொல்லியிருப்பேன்.

---

ஈரோடுமஞ்சள் | 23 மே 2025

எல்லாருக்கும் நன்றி. மாப்பிள்ளைகிட்ட நேத்தே சொல்லிட்டேன், "அந்தக் காசுக்கு தங்கச்சிக்கு ஏதாவது வாங்கிட்டு வாங்க"ன்னு. அவருக்கும் நிம்மதி, குலுக்கல் படிவம் நிரப்பத் தெரியாம முழிச்சுட்டிருந்தாராம்.

ஜூன்ல வாங்கல. காலேஜ் சிநேகிதன் ஒருத்தன் டிசம்பர்ல சிகாகோல இருந்து வர்றான். அதுக்குள்ள ஸ்டிக் எப்படி உழைக்குதுன்னு நாலு பேர் சொல்லிடுவாங்க, சங்கர் அண்ணன் மேஜைக்கும் நாலஞ்சு வந்திருக்கும். நல்லா இருந்தா மரியோ கார்ட் பெட்டியா வாங்கிட்டு வரச் சொல்றேன். ராசா சொன்ன 11 வயசு விஷயம் மனசுல உறுத்துது, அதனால ஒரு வருஷம்னு இழுக்கல. எக்ஸ்ட்ரா ட்ராக் பாஸ் எங்ககிட்ட இல்ல, இன்னிக்கு ராத்திரி போட்டுடறேன். அதுவரைக்கும் தாங்கும்.

கடைசியா ஒண்ணு. ஓலெட்டை இப்பவே நல்ல விலைக்குக் கேட்கிறான் பக்கத்து வீட்டுப் பையன். கொடுத்துடலாமா?

---

அம்மாப்ளேயர்2 | 23 மே 2025

டிசம்பர் வரைக்கும் பசங்க எதுல விளையாடுவாங்க? வேண்டாம் தம்பி. புதுசு வந்ததும் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, ரெண்டுலயும் சார்ஜர் மாட்டி, சேவ் எல்லாத்தையும் மாத்திட்டு அப்புறம் கொடுங்க. கிளவுட்ல இருக்குன்னு நம்பி முன்னாடியே கொடுத்துடாதீங்க, எல்லா கேமோட சேவும் கிளவுட்ல ஏறாது. பழைய மைக்ரோ எஸ்டி கார்டையும் அந்தப் பையனுக்கே கொடுத்துடுங்க. புதுசுல அதுல இருந்து படமும் வீடியோவும் எடுக்கலாம், அவ்வளவுதான்.